எட்டாவது குதிரையின் இருமல்

என் வீட்டுக் கூரையில் சூரியத் தகடுகள் பூட்டியிருக்கிறேன். அவை ரோட்டைப் பார்த்தபடி இருக்கின்றன. சூரியன் ரோட்டுப் பக்கம் அதிகம் வருவதில்லை என்றும், வருகிற கொஞ்ச நேரத்திலும் என் மனைவியின் ஒட்டுமாமரம் குறுக்கே நிற்கும் என்றும் பூட்ட வந்தவர் படித்துப் படித்துச் சொன்னார். பின்பக்கக் கூரையில் வைத்தால் நாள் முழுக்க வெய்யில் விழும் என்றார். பின்பக்கக் கூரையைக் காகங்களைத் தவிர யார் பார்ப்பார்கள்? சுத்தமான மின்சாரம் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவன் வீட்டில் அது இருப்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? ரோட்டுப் பக்கமே பூட்டச் சொன்னேன். இப்போது போகிற வருகிற எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். தகடுகள் மாமர நிழலில் குளிர்ச்சியாக இருக்கின்றன. இருட்டினதும் நாங்கள் வழக்கம்போல அரசாங்கக் கரண்டில் லைட் போடுகிறோம்.

இந்தத் தகைமையோடுதான் சென்ற மாதம் ஒரு ஹொட்டேல் திறப்பு விழாவில் பேசப் போனேன்.

உட்துறைமுகக் கரையில், மூதூருக்கு ஆட்களை ஏற்றிப்போகும் லோஞ்ச் வெளிக்கிடுகிற ஜெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பழைய லொட்ஜ் ஒன்றைக் கொழும்புக் கொம்பனி ஒன்று வாங்கிப் புதுப்பித்திருக்கிறது. வாசலில் பித்தளைப் பலகை. திருகோணமலையின் முதலாவது பசுமைக் கட்டடம் இது என்றும், யுத்த காலத்திலேயே ஜெனரேற்றர் இல்லாமல், ஃபான் இல்லாமல், காற்றையும் வெய்யிலையும் நம்பித் தொழில் நடத்திய ஒரு பெண்ணின் தூரநோக்கு இது என்றும் மூன்று மொழியில் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்டடத்துக்கு முதல் சூரியத் தகட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முதல் மூன்று முறை அதே இடத்துக்கு ஜெனரேற்றர் விற்கப் போனவனும் நான்தான். அழைப்பிதழில் அந்த விபரம் இல்லை.

பலகையில் அந்தப் பெண்ணின் பெயரும் இருந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஊரில் ஒருவரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் அக்காதான். தூரநோக்கு என்ற சொல்லைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அக்காவுக்குக் கண்பார்வை மட்டம். அவருடைய சீவியமெல்லாம் காதில்தான் நடந்தது.

முதல் தடவை போனபோது எனக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பிரதான வீதியில் ஒரு ஜெனரேற்றர் கடையில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தேன். யுத்தத்தில் கரண்டுக் கோபுரங்கள் அடிக்கடி விழுகிற காலம். கரண்டு போனால் வழமை, வந்தால் செய்தி. லைட் தேவைப்பட்ட எல்லோரும் எங்கள் முதலாளியைத் தேடி வந்தார்கள், ஒருவரைத் தவிர. அந்த ஒருவரிடம் முதலாளி என்னை அனுப்பினார். அனுப்பும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை என்மேல் வைத்த நம்பிக்கை என்று விளங்கிக்கொண்டேன்.

ஒரு சின்ன மெசினைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, பின்னேரம் லொட்ஜ் முற்றத்தில் போய் இறக்கினேன். அக்கா கதிரையில் இருந்தார். தடித்த உடம்பு, நரை விழுந்த குடுமி, மடியில் உரித்த வெங்காயச் சுளகு. நான் மெசினை இயக்கி, அதன் பெருமைகளைச் சத்தத்துக்கு மேலாகக் கத்திச் சொன்னேன். அவர் இடையில் மறிக்கவில்லை. கடைசியில், “தம்பி, ஆறு மணியாகப் போகுது. அதை நிப்பாட்டுங்கோ” என்றார். ஒரு பல்பைக் கொளுத்திக் காட்டிவிட்டு நிறுத்துவதாகச் சொன்னேன். அவர் எழுந்து போய், கிணற்றடியில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்து வந்து, அழுகிற பிள்ளையைப் போர்த்துகிற மாதிரி மெசினை மூடினார். அது இரண்டு தரம் விக்கி அடங்கியது.

பிறகு நடந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. உள்ளே யாரோ றேடியோவை நிறுத்தினார்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றவர் வாளியைப் பாதியில் தொங்கவிட்டுக் கயிற்றைக் கட்டையில் சுற்றினார். சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள் கோப்பையை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள். அக்கா கதிரையைத் துறைமுகப் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். ஏழு மணி வரை அந்த வளவில் ஒரு சொல் இல்லை. ஒரு விற்பனைப் பிரதிநிதி ஒரு மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டு இருந்தது எங்கள் தொழிலில் அதுவே முதல் தடவையாக இருக்கும். ஏழு மணிக்கு அவர் தலையைத் திருப்பி, “சரி தம்பி, தேத்தண்ணி குடிப்பம்” என்றார்.

மறுநாள் முதலாளி சிரித்து முடித்தபிறகு விசயத்தைச் சொன்னார்.

அக்காவின் புருசன் வள்ளக்காரர். குடாவுக்குள் நண்டு வலை போடுவார், லோஞ்சைத் தவறவிட்டவர்களை மூதூரில் கொண்டுபோய் விடுவார். வள்ளங்கள் ஆறு மணிக்கு முதல் கரைக்கு வந்துவிட வேண்டும் என்பது அப்போது சட்டம். ஆறுக்குப் பிறகு வருகிற வள்ளத்திடம் வெடிதான் முதலில் பேசும், கேள்வி பிறகு. ஆனால் கடல் மணிக்கூட்டைப் பார்த்து நடப்பதில்லை. ஆகவே பிந்தினவர்களுக்கென்று எங்கும் எழுதாத ஒழுங்கு ஒன்று இருந்தது. பிந்தி வருகிறவர் தூரத்தில் எஞ்சினைக் குறைத்துக்கொண்டு நிற்பார். கரையில் அவருடைய வீட்டார் சத்தத்தை வைத்து ஆளை மட்டுக்கட்டி, லாம்பை எடுத்துக்கொண்டு ஜெட்டியில் துவக்கோடு காவல் நிற்கிற சென்றிக்குப் போய், இது எங்கள் ஆள்தான் என்று சொல்ல வேண்டும். சென்றியில் இருப்பவன் டோர்ச் அடிப்பான். வள்ளம் உள்ளே வரும். லாம்பு வராவிட்டால் வரக்கூடாது. கரையோரத்துப் பெண்களுக்கு அந்த நாளில் எஞ்சின் சத்தங்கள் பிள்ளைகளின் குரல் மாதிரிப் பாடமாக இருந்தன.

லொட்ஜ் திறந்த அன்று ஒரு ஜெனரேற்றரை வாடகைக்குப் பிடித்து, கலர் பல்ப் கட்டி, லவுட்ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டார்கள். விருந்துக்கு நண்டோடு வருகிறேன் என்று போன மனுசன் பிந்திவிட்டார். ஏழு மணிக்குப் பிறகு, பாட்டு நின்றபோதுதான் அக்காவுக்கு ஆள் இல்லாதது உறைத்தது. ஜெட்டிக்கு ஓடியிருக்கிறார். ஒரு வள்ளம் வந்து நின்றது, கொஞ்ச நேரம் பார்த்தது, ஒருவரும் லாம்போடு வராததால் திரும்பிப் போய்விட்டது என்று சென்றியில் சொன்னார்கள். அது அவருடைய வள்ளந்தானா, எந்தப் பக்கம் போனது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஆளையும் காணவில்லை, வள்ளத்தையும் காணவில்லை.

“அந்த ஜெனரேற்றர் எங்கடை கடையிலையோ எடுத்தது?” என்று கேட்டேன்.

“இல்லை. நாங்கள் அப்ப வாடகைக்கு விடத் தொடங்கேல்லை,” என்றார் முதலாளி. இரண்டு பேரும் ஏனோ கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

நான் இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் போனது தொழில் வைராக்கியம் என்று முதலாளி நினைத்தார். உண்மையில் அந்த ஒரு மணித்தியால அமைதி எனக்குப் பிடித்துப் போயிருந்தது. அக்காவோடு கதைப்பது ஒரு பழக்கம், பழகினால்தான் வரும். “நாளைக்கு லோஞ்ச் ஓடு...” என்று தொடங்குவார். தூரத்தில் எங்கோ ஒரு எஞ்சின் கேட்கும். தலை இடப்பக்கம் சாயும். வெங்காயம் உரிக்கிற கை நிற்கும். அந்த எஞ்சின் யாருடையது, எந்தப் பக்கம் போகிறது என்பதெல்லாம் முகத்தில் ஓடி மறைந்தபிறகு, “...மோ தெரியாது, காலமை ஒருக்கா கேட்டுப் பாருங்கோ” என்று விட்ட எழுத்திலிருந்து தொடருவார். இடையில் போன நேரம் நமக்குத்தான் நேரம். அவருக்கு அது மூச்சு எடுப்பது மாதிரி.

புருசனின் எஞ்சின் எப்படிச் சத்தம் போடும் என்று ஒருநாள் கேட்டேன்.

“எட்டுக் குதிரை எஞ்சின், தம்பி. ஏழு ஓடும், ஒண்டு இருமும்.”

விரல் நுனியால் மேசையில் வேகமாகத் தட்டிக்கொண்டே போய், கடைசியில் நகத்தால் ஒரு கீறுக் கீறினார். பழைய எஞ்சினுக்கு வேறு எஞ்சினின் உறுப்பு ஒன்றைப் போட்டு அந்த மனுசன் தானே திருத்தினாராம். அன்றிலிருந்து அந்த இருமல். எத்தனை வள்ளத்துக்குள்ளும் தனியாகக் கேட்கும். இதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் துக்கம் இருக்கவில்லை. புருசன் செத்துவிட்டார் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. அவர் பயந்தது வேறொன்றுக்கு.

“ரோசம் பிடிச்ச மனுசன். வந்து நிண்டு பாத்திருக்கும். என்னைவிட இவளுக்கு லொட்ஜ் பெரிசாப் போச்சுது எண்டு திரும்பியிருக்கும். கோவம் ஆறினால் வரும். வரேக்கை இன்னொருக்கா எனக்குக் கேக்காமல் போனால், பிறகு வராது.”

பித்தளைப் பலகை புகழ்கிற ஒவ்வொன்றும் இந்த ஒரு பயத்திலிருந்து முளைத்தது. தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் நிற்பவன் கதைப்பதே கேட்காது; ஆகவே தகரத்துக்கு மேல் இரண்டு அடுக்குத் தென்னோலைக் கிடுகு. அதனால் உள்ளே குளிர்ச்சி என்கிறார்கள். கடல் பக்கச் சுவரை இடித்து, ஓட்டை வைத்த சீமெந்துக் கல் அடுக்கினார், சத்தம் உள்ளே வருவதற்கு. காற்றும் சேர்ந்து வந்தது. அதை அவர் மறிக்கவில்லை. ஃபான்கள் கிறீச்சிடுகின்றன என்று கழற்றினார். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்கின்றன என்று எடுத்துவிட்டு மரச் சட்டம் போட்டு நீலப் பெயின்ற் அடித்தார். விருந்தாளிகள் நன்றாகத் தூங்கினார்கள். இந்தத் தொழிலில் வேறென்ன வேண்டும்.

ஒன்றுதான் குறை. மண்ணெண்ணெய் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. மூன்றாம் தடவை என்னை வாசலோடு திருப்பி அனுப்பும்போது அக்கா சொன்னார்: “எனக்கு மெசின் வேண்டாம், தம்பி. கதைக்காத சாமான் ஏதும் இருந்தால் கொண்டு வாங்கோ.”

அப்படி ஒன்று கொழும்பில் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கண்ணாடிப் பலகை விற்றுத் தன்னைத் தெருவில் விடப் போகிறேன் என்றார் முதலாளி. ஆனாலும் அனுப்பினார். இரண்டு தகடும் ஒரு பற்றரியும் கொண்டு வந்தேன். வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் தகட்டை இறக்கி, வெய்யிலில் சாய்த்து, ஒரு சின்ன றேடியோவைக் கொளுவிப் பாடவைத்துக் காட்ட வேண்டியிருந்தது. கடைசிச் சாவடியில் நின்ற ஆமிக்காரன் பாட்டு முடியும்வரை போகவிடவில்லை. நடுவில் மேகம் வந்து பாட்டு நின்றபோது நான் ஏதோ தந்திரம் செய்துவிட்டேன் என்பது மாதிரிப் பார்த்தான். வெய்யில் திரும்பி வரும்வரை அவனும் நானும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

லொட்ஜில் பூட்டிவிட்டு முதல் பல்பைப் போட்டேன். அக்கா பல்பைப் பார்க்கவில்லை. குனிந்து பற்றரியில் காதை வைத்தார்.

“சாமான் வேலை செய்யுதோ?”

“லைட் எரியுதே, அக்கா.”

“அது தெரியுது. இது ஒண்டும் சொல்லேல்லையே.”

அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த லைட்டைக் கண்ட தொண்டு நிறுவனக்காரர்கள் தங்கள் கந்தோருக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். பிறகு ஒரு ஸ்ரூடியோ, சாம்பல்தீவில் ஒரு கோழிப்பண்ணை, நிலாவெளியில் பாதி இடிந்து மீதியில் நடந்த ஒரு ஹொட்டேல். நான் எல்லோருக்கும் ஒரே வசனத்தைச் சொல்லி விற்றேன்: “ஜெனரேற்றர் போட்டால் ஷெல் வாறது கேக்காது. இதைப் போட்டால் கேக்கும்.” திருகோணமலையில் சுத்தமான சக்தியின் முதலாவது விளம்பரம் அதுதான். காற்று, காடு, வருங்காலச் சந்ததி ஒன்றும் அதில் வராது. சந்ததி விடியும்வரை இருக்குமா என்பதே அப்போது கேள்வி. முதலாளி கடைப் பலகையில் ஜெனரேற்றர் படத்துக்கு மேல் ஒரு சூரியனைக் கீறுவித்தார். சூரியனுக்கு மீசை வைத்ததும் அவர் யோசனைதான். வியாபாரம் நடந்தது.

லொட்ஜில் தங்கிய ஒரு வெள்ளைக்காரர், ஆறு மணி மௌனத்தை இந்த மக்கள் இயற்கைக்குச் செலுத்தும் மரியாதை என்று தன் அறிக்கையில் எழுதினார். அவருக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை. அவர் கேட்டது ஆறுக்கும் ஏழுக்கும் இடையில்.

இனி நான் சொல்லப்போகிற மாலையை எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பற்றரிக்குத் தண்ணீர் விடப் போயிருந்தேன். ஆறு மணி தாண்டி, கடல் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. எல்லோரும் வழமைபோல அடங்கியிருந்தோம். முதலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்காவின் தலை சாய்ந்ததைத்தான் கண்டேன். பிறகு கேட்டது. ஓடி, ஓடி, ஓடி, ஒரு இருமல். மறுபடி ஓடி, ஓடி, ஒரு இருமல். மேசையில் நகம் கீறிய சத்தத்தைக் கடல் திருப்பிச் சொன்ன மாதிரி இருந்தது.

அக்கா ஓடவில்லை. சேலையை உதறிக் கட்டினார். லாம்பைக் கொளுத்தினார். தலையைத் தடவி, குடுமியை அவிழ்த்து முடிந்துகொண்டார். அந்தக் குடுமிக்கு எடுத்த நேரத்தில் வள்ளம் திரும்பிவிடுமோ என்று எனக்குத்தான் பதறியது. பின்னால் போனேன். ஜெட்டிச் சென்றியில், “எங்கடை ஆள்” என்றார். டோர்ச் மினுங்கியது. இருமல் நெருங்கி வந்தது.

வள்ளத்திலிருந்து இறங்கினவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் மனிதர். அவர்களில் அண்ணன் வயதுக்காரரைக் காக்கா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். எஞ்சின் குழப்படி செய்ததால் பிந்திவிட்டது, தனக்கு லாம்பு காட்ட இந்தக் கரையில் யாரும் இல்லை, விடியும்வரை அலையில் கிடந்திருப்பேன் என்று சொல்லி அக்காவைக் கும்பிடாத குறையாக நன்றி சொன்னார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. வள்ளத்தின் பின்பக்கம் போய், எஞ்சின் மூடியை லாம்பு வெளிச்சத்தில் தடவினார். மூடியின் ஓரத்தில் ஒரு பொட்டு நீலப் பெயின்ற். லொட்ஜ் திறப்பு விழாவுக்கு முதல்நாள் அந்த மனுசன் கதவுக்கு அடித்த நீலம். அதே நீலத்தைத்தான் பிறகு ஜன்னல்களுக்கும் தேடி வாங்கி அடித்தார்.

“இது எங்கை வாங்கினது, காக்கா?”

“புல்மோட்டப் பக்கம் ஒருத்தரிட்ட வாங்கின, அக்கா. அவர் எங்க வாங்கினாரோ தெரியா. மூணு பேரிட்டக் காட்டிட்டன். இருமல் இதுக்குப் பிறவிக் குணமாம்.”

“நீங்கள் வாங்கேக்கை ஈரமா இருந்ததோ, காய்ஞ்சு இருந்ததோ?”

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். எனக்கும் கேள்வி விளங்கவில்லை.

“காஞ்சுதான் இருந்த. பெட்டில வச்சி, வைக்கல் சுத்தி.”

அக்கா மெதுவாகத் தலையாட்டினார். “கடலுக்குள்ளை தாழேல்லை. கழட்டித்தான் எடுத்திருக்கு,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு லாம்பைத் தணித்தார்.

அதோடு ஆறு மணி மௌனம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். எஞ்சின் யாரோ ஒருவரிடம் இருக்கிறது. இனி எந்தச் சத்தத்துக்குக் காத்திருப்பது? அடுத்த தடவை போனபோது மண்ணெண்ணெய்ப் பிரிஜ் நிறுத்தப்பட்டிருந்தது. சுவர் மணிக்கூட்டைக் காணவில்லை. கரையில் வரிசையாக நின்ற சவுக்கு மரங்களைத் தறிப்பித்துக்கொண்டிருந்தார். அந்த மரங்கள் காற்றுக்கு ஓயாமல் இரையும். அந்த இரைச்சலின் கீழே படுப்பது எனக்குப் பிடிக்கும். ஏன் அக்கா என்று கேட்டேன். ஒரு மாங்கொப்பைக்கூட இன்றுவரை வெட்டத் துணியாத எனக்கு அவர் சொன்ன பதில் இது:

“அந்த மனுசனிட்டை இப்ப எஞ்சின் இல்லையெல்லோ, தம்பி. துடுப்பு வலிச்சுத்தான் வரவேணும். அது இன்னும் மெல்லிய சத்தம்.”

சூழலுக்கு உகந்த கட்டடத்தில் மரங்களை ஏன் வெட்டினார்கள் என்பது பசுமை ஆலோசகர்களுக்கு இன்றும் விளங்காத ஒன்று. அறிக்கையில் புயல் என்று போட்டிருக்கிறார்கள்.

இதற்குள் கிண்ணியாக் காக்காவுக்கு ஊரார் முழுக் கதையையும் சொல்லிவிட்டார்கள். நல்ல மனிதர். துடித்துப் போனார். அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டால் அந்தப் பெண்ணின் மனது என்ன பாடுபடும் என்று நினைத்து, லொட்ஜ் இருக்கிற இடம் வந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு, துடுப்பு வலித்து மெதுவாகக் கடந்து போனார். பின்னேரம் பின்னேரமாக இதைச் செய்தார். ஒவ்வொரு பின்னேரமும் அக்கா லாம்பைக் கொளுத்தினார். சேலையை உதறிக் கட்டி, குடுமியை அவிழ்த்து முடிந்துகொண்டு, கரை வரை போய் நின்றார்.

நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாமல் மீன் சந்தையில் காக்காவைப் பிடித்து விசயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார்.

“எஞ்சினப் போட்டா ஒரு பாவம், நிப்பாட்டினா ஒரு பாவம். நான் நீந்தியா போற, தம்பி?”

சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். வள்ளத்தைக் கிண்ணியாக் கரையிலேயே கட்டினார். அக்காவிடம் இதை நான் சொல்லவில்லை. துடுப்புச் சத்தம் வராமல் போன முதல் நாள், “ரோசம் இன்னும் முழுக்க ஆறேல்லை” என்று மட்டும் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு பிந்தி வருகிற எந்த வள்ளத்துக்கும், யார் வள்ளமானாலும், அவரே லாம்பு கொண்டு போனார். சென்றியில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். “எங்கடை ஆள்” என்று இவர் சொல்வதை நம்பும்படி ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள் போல.

யுத்தம் முடிந்தது. ஆறு மணிச் சட்டம் போனது. கடற்கரையில் விடிய விடிய லைட் எரிந்தது. சூரியத் தகடு விற்க என்னைவிடச் சுத்தமாக உடுத்த, ஷெல் சத்தம் கேளாத ஆட்கள் வந்தார்கள். நான் எழுத்துக்குப் போனேன். விற்கத் தெரியாமல் போனவர்கள் போகிற இடம் அது. நெடுநாளைக்குப் பிறகு ஒரு பின்னேரம் லொட்ஜுக்குப் போனேன். அக்காவுக்குக் காது அடைத்துவிட்டது என்று வாசலிலேயே சொன்னார்கள். என் பெயரை இரண்டு தரம் காதுக்குள் கத்தவேண்டியிருந்தது.

ஆறு மணியானது. றேடியோ நின்றது. வாளி தொங்கியது. அக்கா கதிரையைத் திருப்பினார். இந்த முறை துறைமுகத்துக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

“எனக்குக் கேக்காட்டி என்ன,” என்றார், செவிடர்கள் கதைப்பது போல உரத்து. “நீங்கள் கேளுங்கோ.”

ஒரு மணித்தியாலம் அவர் எங்கள் முகங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். மங்கலான அந்தக் கண்கள் ஒருவர் மாறி ஒருவராக நகர்ந்து என்னிடம் வந்து நின்றன. எங்கோ ஒரு நாய் குரைத்தது. நான் தலையைத் திருப்பவில்லை. எங்கள் ஊர்த் தெருக்களில் அலைகிற மான்களில் ஒன்று முற்றத்துச் சருகில் நடந்தது, நான் கண்ணிமைக்கவில்லை. என் முகத்தில் ஒரு நரம்பு அசைந்தால் அந்த மனுசி எழுந்து குடுமி முடியத் தொடங்கிவிடும். அப்படிப் பயந்துகொண்டு இருக்கும்போதே, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தண்ணீரில் துடுப்பு விழுகிற சத்தம் கேட்டது. நான் அசையவில்லை. ஏழு மணிக்கு அவர் பெருமூச்சு விட்டு, தேத்தண்ணி குடிப்பம் என்றார். அது அலை கல்லில் அடித்த சத்தமாகத்தான் இருந்திருக்கும். அலை என்றுதான் நானும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த மழைக்காலத்தில் அக்கா போய்விட்டார்.

திறப்பு விழாவில் எழுதிக்கொண்டு போனதை மடித்து வைத்துவிட்டு இந்தக் கதையைத்தான் சொன்னேன். நடுவில் எங்கோ, பின்மதிலுக்கு அப்பால் ஒரு பெரிய ஜெனரேற்றர் இயங்கிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். விருந்தாளிகளுக்கு ஏசி போதவில்லையாம், இன்றைக்கு மட்டுந்தானாம். மண்டபச் சுவர் மணிக்கூட்டில் ஆறு தாண்டியிருந்தது. கடல் இருக்கிற பக்கத்தில் கண்ணாடி போட்டிருந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் இளம் மனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நல்ல கதை, சேர். ஆறிலை இருந்து ஏழு வரைக்கும் மௌன நேரம் எண்டு மெனுக் கார்ட்டிலை போடலாம். புருசன் காணாமல் போனதை மட்டும் எடுத்துவிடுவம். சாப்பிடேக்கை வாசிக்கிற ஆக்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்.”

விழாவுக்கு என்னோடு வந்திருந்த மனைவியும் நானும் திரீவீலரில் திரும்பினோம். கடற்கரை ரோட்டில் வரும்போது என் தலை இடப்பக்கம் சாய்ந்திருந்ததை நானே உணர்ந்து நிமிர்ந்தேன். பிறகு அவளிடம் கேட்டேன்: அப்படி ஒரு நாளில் நான் வள்ளத்தில் வந்து வெளியே நின்று, கரையில் லாம்பைக் காணாவிட்டால், நானும் திரும்பித்தானே போயிருப்பேன்? கொஞ்சம் உருக்கமான பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டேன். அவள் பஸ் நிலையம் வரும்வரை யோசித்தாள்.

“நீங்கள் எங்கை திரும்பிறது,” என்றாள். “அது உங்கடை தேத்தண்ணி நேரமெல்லோ.”